இரண்டு வேலைகளுக்கு நடுவே, கடலூரிலிருந்து ஸ்கூட்டரில் தனியாக

கேள்வி: "அக்கா, புதுச்சேரியில் 4 வருடமாகப் பார்த்த வேலையிலிருந்து இந்த வெள்ளிக்கிழமையோடு விடுபடுகிறேன். அடுத்த வேலை கோயம்புத்தூரில். சேர 17 நாள் இருக்கிறது. வீடு மஞ்சக்குப்பம். அப்பா பெயரில் ஒரு 110 சிசி ஸ்கூட்டர் இருக்கிறது, 4 வருடமாகத் தினமும் புதுச்சேரிக்கு அதில்தான் போய் வருகிறேன். எந்த ஊர் என்றுகூட முடிவு செய்யாமல் தனியாகக் கிளம்பிப் போய்விட வேண்டும் போல இருக்கிறது. அம்மா பயப்படுகிறார். போகலாமா? எந்தப் பக்கம் போவது, எவ்வளவு செலவாகும்?"

போ. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அக்கா என்று கூப்பிட்டிருப்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

20 வருடமாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் சம்பளப் பட்டியல் போடுகிற வேலை எனக்கு. ஆட்கள் வேலையை விட்டுப் போகும்போது கடைசிக் கணக்கு என் மேசைக்குத்தான் வரும். அடுத்த இடத்தில் எப்போது சேர்கிறீர்கள் என்று எல்லாரிடமும் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் "திங்கட்கிழமை" என்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை இன்னொன்றை மாட்டிக்கொள்வார்கள். உனக்கு 17 நாள் கிடைத்திருக்கிறது. வேலையில் இருந்துகொண்டு எடுக்கிற விடுப்பும் இதுவும் ஒன்றல்ல. விடுப்பில் போனால் போன் வரும், திரும்பி வரும்போது வேலை குவிந்து கிடக்கும். இந்த 17 நாளில் உன்னைக் கூப்பிட்டுக் கேட்க ஒருவரும் இல்லை. நானும் 2016 பிப்ரவரியில், 33 வயதில், இப்படி ஒரு இடைவெளியில் 10 நாள் வண்டியில் போனேன். அப்போது ரோட்டில் தெரிந்துகொண்டதையும், மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஊரை முடிவு செய்யாமல் கிளம்பலாம், தப்பில்லை. ஆனால் நிற்கிற நேரத்தை முடிவு செய்யாமல் கிளம்பாதே. சாயங்காலம் நாலரை மணிக்கு எந்த ஊரில் இருக்கிறாயோ, அதுதான் அன்றைக்கு உன் ஊர். இன்னும் 20 கிலோமீட்டர்தானே, போய்விடலாம் என்று ஒரு நாளும் தோன்றக் கூடாது. தனியாகப் போகிறவர்களுக்கு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசி 20 கிலோமீட்டரில்தான் வரும். இருட்டு, களைப்பு, விளக்கில்லாமல் வருகிற டிராக்டர், அறை கிடைக்காத லாட்ஜ் எல்லாம் அங்கேதான் காத்திருக்கும். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் போதும். 110 சிசி வண்டிக்கும் அது சுகம், உன் இடுப்புக்கும் சுகம்.

கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு நாளைக் காகித வேலைக்கு ஒதுக்கு. கம்பெனி மின்னஞ்சல் மூடுவதற்கு முன்பே கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், போன வருடப் படிவம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) எல்லாவற்றையும் உன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள். விடுவிப்புக் கடிதத்தைக் கடைசி நாளே கையில் வாங்கு. "அனுப்பி வைக்கிறோம்" என்றால், என்றைக்கு என்று எழுத்தில் கேள். எனக்கு ஒரு இடத்தில் அந்தக் கடிதம் ஏழு வாரம் கழித்துத்தான் வந்தது. புது இடத்தில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு வாரமும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் யூஏஎன் எண்ணோடு, அதாவது வருங்கால வைப்பு நிதிக்கான உன் அடையாள எண்ணோடு, இணைந்திருக்கிற செல்போன் எண் உன்னுடையதா, கம்பெனி கொடுத்த சிம்மா என்று பார். கம்பெனி சிம் என்றால் அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே மாற்றிவிடு. இல்லையென்றால் ஓடிபி யாரோ ஒருவர் கைக்குப் போகும். வருங்கால வைப்பு நிதியில் நீ விலகிய தேதியைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டு வை.

அந்தப் பணத்தை எடுத்து ஊர் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இதை அழுத்தியே சொல்கிறேன். என் மேசைக்கு வந்த சின்ன வயசுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஒவ்வொரு வேலைக்கும் ஒருமுறை அதை எடுத்துக் காலி செய்தவர்கள். தொடர்ச்சியாக 5 வருடச் சேவை ஆகாமல் எடுத்தால் அந்தப் பணம் வருமானவரிக் கணக்குக்குள் வந்துவிடும். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், நீ சேர்த்த 4 வருடம் அந்தக் கணக்கிலிருந்து போய்விடும். புது இடத்தில் அதே யூஏஎன் எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொண்டால் போதும். கடைசிக் கணக்குப் பணத்தை நம்பியும் கிளம்பாதே. அது வரும்போது வரட்டும். கையில் இருக்கிற பணத்தில் போக முடிந்தால் போ.

காப்பீட்டைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது யாருக்கும் தெரிவதில்லை. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு பொதுவாக உன் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புது கம்பெனியின் காப்பீடு நீ சேர்கிற அன்றுதான் தொடங்கும். நடுவில் இருக்கிற 17 நாள் உனக்கு எதுவும் இல்லை. அந்த 17 நாளில்தான் நீ தனியாக ரோட்டில் இருக்கப் போகிறாய். அதனால் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடு. நோய்க்கு முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும், விபத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. சின்ன வயதிலேயே எடுத்தால் பிற்பாடும் உனக்கு நல்லதுதான்.

வண்டிக் காப்பீட்டில் 15 லட்ச ரூபாய்க்கு விபத்துக் காப்பு என்று ஒரு வரி இருக்கும். அது உனக்கும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. அது ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஓட்டினால் மட்டும்தான். வண்டி அப்பா பெயரில் இருக்கிறது, ஓட்டப் போவது நீ. அதுவும் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், ஆஸ்பத்திரி பில்லுக்கு இல்லை. ஆகவே உன் பெயரில் ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு எடு. ஒரு வருடத்துக்கே அதிகம் ஆகாது. தமிழ்நாட்டுக்குள் சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், வரம்புக்குட்பட்டு இலவசம். 108 எல்லாருக்கும் தெரியும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணும் இருக்கிறது, அதையும் போனில் போட்டு வை.

சரி, வண்டி. உன் வண்டி 4 வருடமாகத் தினமும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போய் வந்த வண்டி. ஒரு பக்கம் 22, 23 கிலோமீட்டர் என்றாலே 40 ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். டயர், பிரேக் ஷூ, என்ஜின் ஆயில் இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார். நீ வாய்விட்டுக் கேட்க வேண்டியது டிரைவ் பெல்ட். ஸ்கூட்டரில் செயின் கிடையாது, இடப்பக்க மூடிக்குள் ஒரு ரப்பர் பெல்ட்தான் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. 20 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பெல்ட்டை நம்பக் கூடாது. அது அறுந்தால் என்ஜின் ஓடும், வண்டி ஒரு அடி நகராது. மூடியைக் கழற்றினால்தான் தெரியும் என்பதால் சாதாரண சர்வீஸில் பலர் அதைத் திறப்பதே இல்லை.

எனக்கு அது அறுந்தது வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் போகிற வழியில், திருப்பூண்டி தாண்டி. பட்டென்று ஒரு சத்தம் வந்தது. திருகத் திருக உறுமுகிறது, வண்டி மட்டும் மெதுவாகி நின்றுவிட்டது. காலை பத்து மணி. இரண்டு பக்கமும் அறுவடையான வயல், தூரத்தில் பனைமரம், ஆளில்லை. அரைமணி நேரம் தள்ளிக்கொண்டு நடந்திருப்பேன். பின்னால் டிவிஎஸ் எக்செல்லில் ஒரு பெரியவர் வந்தார், இரண்டு பக்கமும் காலி பால்கேன். "என்னம்மா, பெட்ரோலா?" என்றார். சொன்னேன். "ஏறி உட்காரு, ஹேண்டிலை மட்டும் நேரா புடி" என்றார். பிறகு தன் வலது காலை நீட்டி என் வண்டியின் பின்பக்கக் கால்மிதியில் வைத்து, அப்படியே தள்ளிக்கொண்டு வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் காலை எடுத்து, மறுபடி வைத்து, நாலு கிலோமீட்டர். பால்கேன் இரண்டும் லொடலொடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. கடைத்தெருவில் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன், அதைக் குடித்துவிட்டுப் போனார்.

மெக்கானிக்கிடம் அந்த பெல்ட் இல்லை. நாகப்பட்டினத்தில் ஒரு கடைக்குப் போன் செய்து, "வேதாரண்யம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடு" என்றார். அதற்கு மூன்று மணி நேரம். பட்டறை வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். பின்னாலேயே அவர் வீடு. ஒரு மணிக்கு அவர் மனைவி வந்து, "வாங்க, கொஞ்சம் சோறு சாப்பிடுங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கெளுத்தி மீன் குழம்பு. சாப்பிடச் சாப்பிட எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று எல்லாம் கேட்டார். இப்போது வேலை இல்லை, அடுத்த மாதம் சேரப் போகிறேன் என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருந்துட்டுப் போங்களேன்" என்றார், நிஜமாகவே. பஸ் வந்தது, கண்டக்டர் செய்தித்தாளில் சுற்றிய பெல்ட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். மாற்றி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. காலை பத்து மணிக்கு அறுந்ததால்தான் இது எனக்கு நல்ல நினைவாக இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு அறுந்திருந்தால் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்போது எந்தப் பக்கம் என்பதற்கு வருகிறேன். பொங்கல் முடிந்திருக்கிறது, மழை ஓய்ந்துவிட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை. தெற்கே கடலோரமாகக் கோடியக்கரை வரை போய், உள்நாட்டு வழியாகத் திரும்பு. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கேட்டிருந்தால் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர் நம்முடையது, உனக்கே தெரியும்.

முதல் நாள் சிதம்பரம் மட்டும் போதும், 45 கிலோமீட்டர். முதுநகர், சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று உனக்குத் தெரிந்த ஊர்களாகவே வரும். தெரிந்த ரோட்டில் கிளம்பினால் மனசு பழகிவிடும். நான்கு வழிச்சாலையாகப் போட்டிருக்கிற இடங்களில், ஊருக்குள் போகிற பழைய சாலை இருந்தால் அதைப் பிடி. பெரிய ரோட்டில் உன் வண்டி 50-ல் போகும், பின்னால் லாரியும் பஸ்ஸும் 90-ல் வரும். எதிர்த்திசையில் ஓரமாக வருகிற பைக்குகளும் அங்கேதான் அதிகம். கோயில் நடை மதியம் சாத்திச் சாயங்காலம்தான் திறக்கும் என்பதால், சிதம்பரத்தில் அறை எடுத்துவிட்டு, கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய் வந்துவிடலாம். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகில் போ. சுரபுன்னைக் காட்டுக்குள் சின்ன வாய்க்கால்களில் அதுதான் நுழையும். வேர்களுக்கு அடியில் தண்ணீர் மெதுவாக இறங்குகிற சத்தம் கேட்கும்.

அடுத்து கொள்ளிடம் பாலம் தாண்டி சீர்காழி, அங்கிருந்து தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்க் தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அந்த ஊரிலேயே அச்சாகி முடிந்தது. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போய்விடாதே, அங்கே ஒரு இரவு தங்கு. காலை ஆறு மணிக்குக் கோட்டைக்கு வெளியே, கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்பாரில்லை.

காரைக்காலில் பெட்ரோல் போட்டுக்கொள். புதுச்சேரி விலைதான், நம் பக்கத்தைவிடக் குறைவு. எல்லையில் போலீஸ் நிறுத்தி சீட்டுக்கு அடியில் திறந்து காட்டச் சொன்னால் பதற்றப்படாதே, மது பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்ப்பார்கள், நமக்கு முள்ளோடையில் பார்த்துப் பழகியதுதான். காரைக்கால் அம்மையார் கோயிலுக்குப் போய்விட்டு அங்கிருந்து உன் அம்மாவுக்குப் போன் செய். தலையால் நடந்தே கயிலாயம் போனதாக நாம் கும்பிடுகிற அம்மா அவர். நான் அங்கிருந்து போன் செய்தபோது என் அம்மா முதல்முறையாகச் சிரித்தார். நாகூர் தர்காவில் எந்த மதத்தாரும் எவ்வளவு நேரமும் உட்காரலாம். தனியாகப் போகிற பெண்ணுக்கு மதிய வெயிலில் அதைவிடப் பாதுகாப்பான நிழல் அந்தப் பக்கத்தில் இல்லை. வேளாங்கண்ணியில் தங்குவது சுலபம், தேவாலயத்தின் விடுதிகளே இருக்கின்றன. சனி, ஞாயிறு கூட்டத்தை மட்டும் தவிர்த்துவிடு.

இந்தப் பகுதியில் ரோட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தையிலும் மாசியிலும் டெல்டாவில் சம்பா அறுவடை. ரோட்டில் பாதியை நெல் காயப் போட்டிருப்பார்கள். சில இடங்களில் வைக்கோல் பரப்பியிருக்கும். உளுந்து, பயறு பிடுங்கிய சமயமாக இருந்தால் செடியை அப்படியே ரோட்டில் போட்டு வைப்பார்கள், வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று. காரில் போகிறவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அதில் வழுக்கும், செடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். தூரத்தில் பார்த்ததுமே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடு. அதன் மேல் போகும்போது முன்பிரேக்கைத் தொடாதே, வளைக்காதே, நேராக மெதுவாக ஏறி இறங்கு. காலை ஏழரை வரை பனிமூட்டமும் இருக்கும். எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும்.

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பி நடந்து வந்தவர்கள் ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளிய இடம் அது. ஸ்தூபி நிற்கிறது, அதைச் சுற்றி இன்றும் உப்பளம்தான். நான் போன அன்று பாத்திகளை மிதித்துத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அந்த உப்பள வரப்பில் நின்றுகொண்டிருந்தபோதுதான் புது கம்பெனியிலிருந்து போன் வந்தது. "நான்கு நாள் முன்னால் சேர முடியுமா?" என்று கேட்டார்கள். உனக்கும் இந்தப் போன் வரலாம், ஆள் தேவைப்படுகிற இடத்தில் இது வழக்கம். பதிலை இன்றைக்கே யோசித்து வை. நான், "கடிதத்தில் இருக்கிற தேதியில் வருகிறேன், அதற்கு முன் முடியாது" என்றேன். காரணம் சொல்லவில்லை. "சரி மேடம்" என்று வைத்துவிட்டார்கள். நியமனக் கடிதத்தில் இருக்கிற தேதிதான் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட தேதி. அதைக் காப்பாற்றிக் கேட்பதில் கூச்சம் எதற்கு? எனக்குத் தெரிந்து அதற்காக ஒருவருக்கும் வேலை போனதில்லை.

கோடியக்கரையில் வெளிமானையும், சதுப்பு நிலத்தில் பூநாரையையும் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி நல்ல மாதம். காலையில் போய் மதியத்துக்குள் வேதாரண்யம் திரும்பிவிடு. தங்குவதற்கு வேதாரண்யம்தான் வசதி.

திரும்பும் வழி திருத்துறைப்பூண்டி, திருவாரூர், கும்பகோணம். அங்கெல்லாம் நீ என்ன பார்ப்பாய் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்திலிருந்து அணைக்கரைக்கு வா. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய கீழணை அது, நீ போகிற ரோடே அணையின் மேல்தான். அங்கே பிரிகிற வடவாறுதான் வீராணத்துக்குப் போகிறது, அங்கிருந்து குழாயில் சென்னைக்குப் போகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு சாயங்காலம் புல்வெளியில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை வழியாக வீராணம் ஏரிக்கரை. பத்து மைல் நீளத்துக்கு ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளத்தில் வயல். இந்தப் பயணம் முழுவதிலும் வண்டி ஓட்டுவதற்கென்றே ஒரு இடம் சொல் என்றால் அதைத்தான் சொல்வேன். 30-க்கு மேல் போகாதே. அப்புறம் சேத்தியாத்தோப்பு, வடலூர்.

முழுச் சுற்றும் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளூர் சுற்றலோடு 600 வைத்துக்கொள். 9 நாள், 8 இரவு. பெட்ரோல் 1,500 ரூபாய், அறை இரவுக்கு 1,200 வீதம் 9,600, சாப்பாடு 3,200, படகு, நுழைவுச்சீட்டு, டீ எல்லாம் சேர்த்து 1,000. 15 ஆயிரம் சொச்சம் வரும். இன்னொரு 10 ஆயிரத்தைத் தொடாமல் கணக்கில் வை. 2,000 ரூபாய் சில்லறை நோட்டாகக் கையில் இருக்கட்டும், கோடியக்கரைப் பக்கம் சிக்னலை நம்பி யூபிஐ மட்டும் வைத்துக்கொண்டு போகாதே.

தனியாக வருகிற பெண்ணுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் சில லாட்ஜ்களில் கொடுக்க மாட்டார்கள். ஒரு கோயில் ஊரில், சாயங்காலம் ஆறரை மணிக்கு, என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூட யாரும் வரலையா? அப்ப ரூம் இல்லைம்மா" என்று ஒருவர் சொன்னார். பின்னாலேயே சாவிக்கொத்து வரிசையாகத் தொங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு நாலரை மணிக் கணக்கை மீறியிருந்தேன். அதற்குப் பிறகு தினமும் காலையிலேயே, அன்று போகக்கூடிய இரண்டு ஊர்களில் ஒவ்வொரு லாட்ஜுக்குப் போன் செய்து, "நான் ஒருத்திதான், ஸ்கூட்டரில் வருகிறேன், அறை உண்டா?" என்று நேராகவே கேட்டுவிடுவேன். குடும்பங்கள் தங்குகிற இடமா, வரவேற்பு மேசையில் ராத்திரியும் ஆள் இருப்பாரா, வண்டி உள்ளே நிறுத்தலாமா, இந்த மூன்றும் போதும். அறைக்குள் போனதும் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார். கதவடியில் செருக ஒரு சின்ன மரக்கட்டை பையில் இருக்கட்டும்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதே. எல்லாப் பெண்களும் இதைச் செய்கிறோம், அதனால்தான் இரண்டாம் நாளே தலைவலி. பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றும் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். நீ பெட்ரோல் போடாவிட்டாலும் கேட்கலாம். சாவி கேட்டு வாங்கு.

அம்மா விஷயம். பொய் சொல்லிவிட்டுப் போகாதே. தோழிகளோடு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வழியில் ஒன்று ஆனால் வீட்டுக்குப் போன் செய்யவே தயங்குவார்கள், ஆபத்து அங்கேதான். அம்மா பயப்படுவது நீ போவதற்காக மட்டும் இல்லை, எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் போய்விடுமே என்பதற்காக. காலையில் கிளம்பும்போது ஒன்று, நாலரைக்கு அறைக்குள் போனதும் ஒன்று, இந்த இரண்டு போனும் தவறக் கூடாது. அறை எண்ணோடு, லாட்ஜ் பெயரோடு சொல். போனில் நீ இருக்கும் இடத்தைப் பகிர்ந்து வை. அம்மாவுக்கு அதைப் பார்க்கத் தெரியாது என்றால் கிளம்பும் முன் உட்கார்ந்து சொல்லிக்கொடு. என் அம்மா அதற்குள் பக்கத்து வீட்டுப் பையனிடம் கற்றுக்கொண்டு, "ஏன் ஒரே இடத்துல அரை மணி நேரமா நிக்கற?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நாலாம் நாளிலிருந்து அவரே எனக்கு வழி சொன்னார்.

ஊருக்குத் திரும்புகிற நாளை மட்டும் இப்போதே குறித்துவிடு. கோயம்புத்தூருக்குக் கிளம்ப ஐந்து நாள் மிச்சம் இருக்க வேண்டும். துணி துவைக்க, வண்டியை சர்வீஸ் விட, அங்கே வீடு பார்க்க நாள் வேண்டும். அந்தக் கடைசி நாள் மதியச் சாப்பாட்டை வடலூர் தருமசாலையில் வைத்துக்கொள். வள்ளலார் 1867-ல் ஏற்றிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. யார் வந்தாலும் பந்தியில் உட்காரலாம், எந்த ஊர், என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. நான் உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு பாட்டி, இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டே, என் இலையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்க" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். வடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் 35 கிலோமீட்டர்தான், சாப்பிட்டுக் கிளம்பினால் நாலரைக்கு முன் வீட்டில் இருப்பாய்.

வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேட்டு எழுது. ஞாபகம் இல்லை என்று அவர் சொன்னால், சனிக்கிழமை காலையிலேயே மாற்றிவிடு.